கச்ரா நின்ற இடம்: ஒரு படத்தகட்டின் பாடபேதங்கள்

குடவாசல்காரர்களுக்குப் பாடபேதம் என்பது ஊர்ச்சொத்து. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறையிருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்து வந்தமையால் அதைப் பருகாமல் உயிர்விட்டான் என்கிறது புறநானூற்று 74ஆம் பாடலின் அடியிலுள்ள குறிப்பு. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனைச் சிறைமீட்டார் என்கிறது இன்னொரு மரபு. இதை நடத்தும் ஒவ்வோராண்டும் முன்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர், “ஐயா, அப்படியென்றால் அவர் செத்தாரா, பிழைத்தாரா?” என்று கேட்காமல் இருந்ததில்லை. பாட்டு பழையது, குறிப்பு பின்னர் யாரோ சேர்த்தது, நம் கைக்கு வந்திருப்பது ஏட்டைப் பார்த்து எழுதிய ஏடு என்று விளக்கி நகர்ந்துவிடுவோம்.

இப்படி விளக்கிப் பழகிய நாம், ஒரு திரைப்படத்தின் விஷயத்தில் மட்டும் கைக்குக் கிடைத்த முதற்படியையே மூலமென்று நம்பி, வகுப்பறையில் ஒரு பிழையைப் பாடமாகவே நடத்தினோம். அந்தப் பிழை எவ்வாறு நேர்ந்தது என்று தேடப் புகுந்தபோதுதான், நம் வீடுகளுக்குள் வந்துபோன படத்தகடுகளின் வரலாறு பதிப்பு வரலாற்றின் ஒரு கிளையாகவே தோன்றலாயிற்று. வாசகர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். கொஞ்சம் கணக்கும் வரும்.

படம் ‘லகான்’. 2001 ஜூன் 15 அன்று வெளியானது. ஆசுதோஷ் கோவாரிகர் இயக்கியது. 1893இல் சம்பானேர் என்னும் கற்பனைச் சிற்றூரில், வானம் பொய்த்த ஆண்டில், இருமடங்கு நிலவரி கேட்கும் கேப்டன் ரஸ்ஸலுடன் கிராமத்தார் கிரிக்கெட் பந்தயம் கட்டுகிறார்கள்: வென்றால் மூன்றாண்டு வரி இல்லை. இதை முழு நகைச்சுவைப் படமென்று சொல்ல முடியாது. ஆனால் படத்தின் உயிர் அதன் நகைச்சுவையில்தான் இருக்கிறது. கோழி பிடித்தே பழகிய பூரா பந்தைப் பாய்ந்து பிடிப்பதும், குறிசொல்லும் குரன் மட்டையைச் சுழற்றும் விதமும், மட்டையைப் பிடிக்கவே தெரியாத கூட்டம் ஒன்று பதினொருவராகத் திரள்வதும் இல்லையென்றால் அந்த மூன்று நாள் ஆட்டத்தில் நமக்கு என்ன அக்கறை இருக்கப்போகிறது? பழங்காலம், விளையாட்டு, நகைச்சுவை மூன்றும் கூடிய படம் தமிழில் எளிதில் நினைவுக்கு வரவில்லை. 2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் அரசர் சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறந்து வைப்பார், மற்றபடி அது விளையாட்டுப் படமன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் குளூனி 2008இல் ‘லெதர்ஹெட்ஸ்’ என்று ஒன்று எடுத்தார். 1925ஆம் ஆண்டின் கால்பந்து, அதாவது அவர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து. நமக்குக் கிட்டிய உறவு லகான்தான். பெயரின் பொருளே நிலவரி. கிஸ்தி என்ற சொல்லைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்த டெல்டாக்காரனுக்கு அது வேற்றுமொழிப் படமாகத் தோன்றியதே இல்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கதை நிகழும் அந்த 1893இல், நம் ஊருக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில், கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் புறநானூற்றுப் பதிப்பில் உழன்றுகொண்டிருந்தார். நூல் மறு ஆண்டு, 1894இல், வெளிவந்தது. ஏடுகள் எங்கெங்கிருந்து கிடைத்தன என்பதை முகவுரையில் சொல்லிவைக்கும் வழக்கம் அவருடையது. அந்த வழக்கம் நமக்கு இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை.

நாம் லகானை முதலில் பார்த்தது திரையரங்கில் அன்று. முதுகலை படித்த நாளில், பேருந்து நிலையத்தருகே இருந்த சிடி கடையில் ஒருநாள் வாடகைக்கு எடுத்த மூன்று விசிடிகளில் பார்த்தோம். விசிடி என்பது 1993இல் வகுக்கப்பட்ட முறை. இசைத்தட்டில் 74 நிமிடப் பாட்டுக்கு இருந்த இடத்தில் அதே அளவு நிமிடப் படத்தை அடைத்துவிட வேண்டும் என்பதுதான் அதன் இலக்கணம். அதற்காகப் படத்தை 352க்கு 288 புள்ளிகளாகக் குறைத்தார்கள். நொடிக்குச் சுமார் 11½ இலட்சம் துணுக்குத் தகவலே படத்துக்கு ஒதுக்கீடு. டிவிடி 1996 இறுதியில் ஜப்பானில் வந்துவிட்டதென்றாலும், நம் பக்கத்து வீடுகளில் அடுத்த பத்தாண்டும் விசிடியின் ஆட்சிதான். லகான் 224 நிமிடம் ஓடும் படமாதலால் மூன்று தகடுகள். இரண்டாம் தகடு முடிகிற இடத்தில் ஆட்டம் சூடுபிடித்திருக்கும். எழுந்து போய்த் தகடு மாற்ற வேண்டும். இயக்குநர் வைத்த இடைவேளை ஒன்று, தகடு வைத்த இடைவேளை இரண்டு.

இனிக் கணக்கு. கிரிக்கெட் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 7 செ.மீ. இரு முளைகளுக்கும் இடையிலான தூரம் 22 கெஜம், அதாவது 20 மீட்டருக்குச் சற்று மேல். பந்து வீசுவோனையும் அடிப்போனையும் பக்கவாட்டில் ஒருசேரக் காட்டும் அகலக் காட்சியில் திரை 24 மீட்டர் அகலத்தையாவது தழுவியாக வேண்டும். அந்த 24 மீட்டரை 352 புள்ளிகளுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு 7 செ.மீ. ஆக, பந்து என்பது ஒரே ஒரு புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளியும் தங்குவதில்லை. இம்முறைத் தகடு ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒன்றை எழுதிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் மாறியது எது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஒதுக்கீடு போதாதபோது சிறியவற்றை முதலில் கைவிடுகிறது. மைதானத்துப் புழுதி எழுந்துவிட்டால் திரை முழுதும் மாற்றம்தான். பிறகு பந்துக்கு ஏது இடம்? நாம் கண்டதெல்லாம் கைகள் சுழல்வதும், மட்டைகள் வீசப்படுவதும், ஆட்கள் ஒரு திசையில் ஓடுவதுமே. வேடிக்கை என்னவென்றால், பந்தே இல்லாமல் ஓடும் மனிதர்களைப் பார்க்கச் சிரிப்பு அதிகமாகத்தான் வந்தது. அந்தச் சிரிப்பில் எவ்வளவு இயக்குநருடையது, எவ்வளவு தகட்டினுடையது என்று பிரித்தறிய அன்று நமக்குத் தெரியாது.

பந்து தெரியாமற்போவது இப்படத்தில் சின்னக் குறையன்று. ஊனமுற்ற கையால் பந்தைச் சுழற்றும் கச்ராவால் முதல்நாள் ஆட்டத்தில் அதைத் திருப்ப முடிவதில்லை. புதுப்பந்து திரும்பாது, தேய்ந்த பந்தே திரும்பும் என்பது பிறகுதான் புவனுக்குப் புலப்படுகிறது. கதையின் ஒரு திருப்பமே பந்தின் தோலில் இருக்கிறது. கடைசியில் ரஸ்ஸல் பந்தைப் பிடித்துவிடுகிறான். ஆனால் எல்லைக்கு வெளியே நின்று பிடித்திருக்கிறான். ஊரின் மூன்றாண்டு வரி அந்த எல்லைக் குறியைப் பொறுத்திருக்கிறது. நம் விசிடியில் புழுதியும் எல்லையும் ஒரே சாம்பல் கட்டங்களாகக் கலந்து கிடந்தன. நடுவர் கைதூக்கியதைக் கொண்டுதான் வென்றது யாரென்று தெரிந்துகொண்டோம். (இடைச்செருகலாக ஒன்று. எல்லைக்கு மேலாகப் பறந்தால் ஆறு என்பது இங்கிலாந்தில் 1910இல் வந்த விதி. 1893இல் மைதானத்தையே தாண்டினால்தான் ஆறு. எல்லையை மட்டும் தாண்டினால் நான்கு. கறாரான வரலாற்றாசிரியர் நடுவராக நின்றிருந்தால் சம்பானேர் வரி கட்டியிருக்குமோ என்னவோ.)

அடுத்தது சட்டகம். லகான் அகலத்திரைப் படம். உயரம் ஒன்றென்றால் அகலம் 2.35. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டி நான்குக்கு மூன்று. அகலப் படத்தை முழுதாகக் காட்ட வேண்டுமானால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட வேண்டும். 2006இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியில் அவ்வாறு காட்டினால் படத்தின் உயரம் ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. சிடி கடைக்காரரிடம் இதைப்பற்றிப் பின்னாளில் பேசினோம். “கறுப்புப் பட்டை வந்தா, படம் பாதிதான் தெரியுதுன்னு சனங்க காசத் திருப்பிக் கேக்குறாங்க சார்” என்றார். பாதி என்று அவர்கள் நினைத்ததுதான் முழுமை. முழுமை என்று கேட்டு வாங்கியதுதான் பாதி. பட்டை தெரியாமல் திரை நிறைய வேண்டுமென்றால் இருபுறமும் அறுக்க வேண்டும். அறுத்தபின் மிஞ்சுவது நூற்றுக்கு 57 பங்கு. பதினொருவர் தோளோடு தோள் நிற்கும் காட்சியில் கணக்குப்படி ஆறு பேர் எஞ்சுவர். பந்து கொஞ்சம் பெரிதாகும், ஆட்கள் குறைவார்கள். நம் கையில் வந்தது அப்படி அறுத்த தகடு.

அறுபட்டது என்று அன்று நமக்குத் தெரியாது என்பதே விஷயம். ஓலையில் செல்லரித்தால் துளை தெரியும். முறிந்த ஏட்டில் முறிவு தெரியும். அறுத்த சட்டகத்துக்குத் துளையும் இல்லை, முறிவும் இல்லை. அது தன்னை நிறைவானதாகவே காட்டிக்கொள்கிறது.

பிழைக்கு வருவோம். ஆசிரியப் பணிக்கு வந்தபின், இலக்கியமும் திரைப்படமும் என்ற தாளில் லகானையும் சேர்த்து நடத்தினோம். கச்ரா தீண்டாமைக்கு ஆட்பட்டவன். பெயரின் பொருளே குப்பை. அவனை அணியில் சேர்க்க ஊரே மறுக்கிறது. புவன் வாதாடிச் சேர்க்கிறான். நமக்கோ ஒரு நுட்பம் பிடிபட்டுவிட்டது. அணி வரிசையாக நிற்கும் காட்சிகளில் கச்ராவைக் காணோம்! தோள் மட்டும் தெரிகிறது, அல்லது அதுவும் இல்லை. ‘இயக்குநர் கச்ராவை அணிக்குள் அனுமதிக்கிறார், சட்டகத்துக்குள் அனுமதிப்பதில்லை, சேரியின் எல்லை திரையின் எல்லையாக இடம் மாறியிருக்கிறது’ என்று எழுதினோம். கருத்தரங்கொன்றில் படித்தபோது நல்ல கைத்தட்டல். கட்டுரை தொகுப்பு நூலிலும் ஏறியது.

அவ்வாண்டு வகுப்பிலிருந்த மாணவி ஒருவர் கைத்தட்டாதவர். அவருடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த டிவிடி வீட்டில் இருந்தது. மறுவாரம் எடுத்துவந்து, துறையின் கணிப்பொறியில் இட்டு, படத்தை நிறுத்தி, திரையின் வலது கோடியில் விரலை வைத்தார். “ஐயா, அவர் இங்கேதான் நிற்கிறார்.” நின்றான். நாம் தேடிய ஒவ்வொரு காட்சியிலும் கச்ரா ஓரத்தில், ஆனால் முழுதாக, மற்றவர்களோடு சேர்ந்தே நின்றுகொண்டிருந்தான். ஓரத்தில் நிறுத்தியதற்கு இயக்குநரைக் கேள்வி கேட்கலாம், அதற்கு நியாயமுண்டு. வெளியேற்றியது அவரல்லர். 14 அங்குலப் பெட்டிக்குப் படத்தைப் பொருத்திய யாரோ ஒருவர், நடுவில் நாயகன் இருந்தால் போதும் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவருக்குச் சாதி தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் ஓரத்தில் நிற்பவர் யாரோ அவர்தான் முதலில் அறுபடுவார் என்பது எல்லாச் சட்டகங்களுக்கும் பொது.

கச்ராவுக்கு வரலாற்றில் ஒரு முன்னோர் உண்டென்று பலரும் எழுதியிருக்கிறார்கள்: பல்வாங்கர் பாலு. 1876இல் பிறந்தவர், தலித் குடும்பத்தவர், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளையர் கழகத்து மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபடி அவர்களுக்குப் பந்து வீசி வளர்ந்தார். பிறகு இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்குத் தனிக் குவளையில் வெளியே கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டத்துக்குள் இடம், பந்திக்கு வெளியே இடம் என்ற இரட்டை நிலை அவர் வாழ்ந்த உண்மை. அதைத் தெரிந்து வைத்திருந்ததும் நம் பிழைக்குத் துணைபோயிற்று. நல்ல கருத்து ஒன்று கையில் இருந்தால், கெட்ட பாடமும் சரியாகத்தான் தோன்றும்.

அதன் பிறகு தகடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பித்து நமக்குத் தொற்றிக்கொண்டது. பழங்காலப் படமொன்றின் தகட்டை மதிப்பிடுவதில் தனியான இடர் ஒன்று இருக்கிறது. காலத்தைக் காட்டுவதற்கென்றே ஒளிப்பதிவாளர் நிறங்களை மண்ணுக்கும் பழுப்புக்கும் இறக்கிவைக்கிறார். மட்டமான தகடும் நிறங்களை அங்கேதான் இறக்கிவைக்கிறது. ‘லெதர்ஹெட்ஸ்’ போன்ற படத்திலும் இதே மயக்கம் எழும். 1925இன் பழுப்பு எது, தகட்டின் பழுப்பு எது? ஆசிரியர் வேண்டுமென்றே கையாண்ட பழஞ்சொல்லையும் ஏடெழுதியவர் கைப்பிழையையும் பிரித்தறிய வேண்டிய அதே தொல்லை. லகானில் நமக்கு வாய்த்த உரைகல் ஆங்கிலேயரின் ஆட்ட உடை. கிராமத்தார் உடுத்தியிருப்பது புழுதி நிறம். எதிரணி உடுத்தியிருப்பது வெள்ளை. ஆடை வடிவமைத்தவர் பானு அத்தையா. ஒளிப்பதிவு அனில் மேத்தா. அந்த இருவரும் நினைத்த வேறுபாடு தகட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெள்ளை வெள்ளையாகவும், அதற்குள் துணி மடிப்பின் நிழல் தெரிவதாகவும் இருக்குமானால், கிராமத்தின் பழுப்பு அனில் மேத்தாவினுடையது. வெள்ளையும் மஞ்சளித்திருந்தால் பழுப்பு தகட்டுக்காரருடையது. வெள்ளை கண்கூசி, மடிப்பெல்லாம் மறைந்து சுண்ணாம்புச் சுவர் போலிருந்தால், யாரோ ‘பளிச்’சென்று இருக்கட்டுமே என்று வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறார்கள். நம்மிடமிருந்த விசிடி முதல் வகைக் குற்றம் செய்தது. நண்பரொருவர் வைத்திருந்த மலிவு டிவிடி இரண்டாம் வகைக் குற்றம் செய்தது.

ஒலியில் ஒரு சுவையான தடுமாற்றம். நண்பரின் டிவிடியில் படம் 215 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒன்பது நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று கொதித்தோம். காட்சி காட்சியாகக் குறித்துப் பார்த்தால் ஒன்றும் குறையவில்லை. அப்போது உடனிருந்த, நாகசுர வித்துவான் வீட்டுப் பிள்ளையான நண்பர்தாம் உண்மையைத் தொட்டார்: “பாட்டெல்லாம் சுருதி ஏறியிருக்கே, ஏறத்தாழ அரைக்கட்டை.” விடை அதில் இருந்தது. திரையில் நொடிக்கு 24 சட்டகம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25. ஒவ்வொரு நொடியும் ஒரு சட்டகம் கூடுதலாக ஓடினால், 224 நிமிடப் படம் 215 நிமிடத்தில் முடியும். அதற்கேற்பச் சுருதியும் மேலே போகும். ரகுமானின் பாட்டை ஒலிநாடாவில் ஒரு சுருதியிலும் தகட்டில் வேறு சுருதியிலும் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. நகைச்சுவைக் காட்சிகள் அந்த ஓட்டத்தில் ஒரு நூல் விறுவிறுப்பாகி நன்றாகவே இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் படத்தின் ஒலி எளிதாகக் கடந்துபோகத் தக்கதன்று. அக்காலத்து இந்திப் படங்களில் நடிகர்கள் பின்னர்க் கூடத்தில் வந்து குரல் கொடுப்பதே வழக்கம். லகானிலோ புஜ் அருகே வெட்டவெளியில் நடித்தபோதே குரலையும் பதிந்தார்கள். அப்பதிவைச் செய்த நகுல் காம்தேவும், அதைக் கலந்து சீராக்கிய நம் சென்னை எச்.ஸ்ரீதரும் அவ்வாண்டின் ஒலிப்பதிவுக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டனர். 2008 டிசம்பரில் மறைந்த ஸ்ரீதரின் கைவண்ணத்தை மதிப்பிட வேண்டுமானால், கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது அதற்கடியில் ஒருவர் முணுமுணுக்கும் வேடிக்கைச் சொல் கேட்கிறதா என்று கேட்க வேண்டும். நல்ல டிவிடியில் கூட்டம் பின்னாலும் பக்கத்திலும் பரவி நிற்க, பேச்சு நடுவில் தனித்து நிற்கும். விசிடியில் எல்லாம் இரண்டு வாய்க்கால்களுக்குள் நெருக்கப்பட்டு, உரத்த குரல் மெல்லிய குரலை விழுங்கிவிடும். அவ்வகையில் இழந்தது பெரும்பாலும் சிரிப்புத்தான். இழந்தோம் என்பதே தெரியாமல் ஆங்கில எழுத்தைப் படித்துச் சமாளித்தோம். அந்த எழுத்துக்கும் ஒரு கெட்ட பழக்கம்: நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வேடிக்கையின் முடிவைப் போட்டுவிடும். விரைவாகப் படிப்பவர் முதலில் சிரிப்பார், நிதானமாகப் படிப்பவர் பிறகு சிரிப்பார், நடிகர் எல்லோருக்கும் கடைசியில் சொல்லி முடிப்பார்.

டிவிடி என்றாலே நல்லது என்ற எண்ணமும் பிழை. டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளி. கறுப்புப் பட்டையையும் படத்தோடு சேர்த்துப் பதிந்துவிட்டால், பட்டை போக உண்மைப் படத்துக்குக் கிடைப்பது சுமார் 327 வரி. அகலத் தொலைக்காட்சியில் விரியும்படி நெருக்கிப் பதிந்தால் 436 வரி. இரண்டையும் பழைய பெட்டியில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அகலத்திரை வாங்கிய பிறகுதான் ஏமாற்றம் புரியும். இடமும் கணக்குத்தான். 224 நிமிடத்தை 8.5 ஜிபி ஈரடுக்குத் தகட்டில் இட்டால் நொடிக்கு 50 இலட்சம் துணுக்கு கிடைக்கும், 4.7 ஜிபி ஓரடுக்கில் இட்டால் 28 இலட்சம். அதே ஓரடுக்கில் மூன்று படங்களைத் திணித்து ‘ஒன்றில் மூன்று’ என்று நடைபாதையில் விற்றதை நாமெல்லோரும் வாங்கியிருக்கிறோம். டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டாம். ஆற்றில் வந்த தண்ணீர் அவ்வளவுதான். வாய்க்கால்கள் கூடினால் கடைமடை காயும். புழுதி பறக்கும் ஆட்டக்களம் எப்போதும் கடைமடைதான்.

திருட்டுத் தகட்டைக் குறைசொல்லும்போது விலையையும் சொல்ல வேண்டும். முறையான தகடு நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்ற நாளில் கூலி வேலைக்காரர் வீட்டில் லகான் நுழைந்தது திருட்டுத் தகட்டின் வழியாகத்தான். 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்துக்குள் திருட்டு விசிடிக்காரரையும் சேர்த்தது. அதைவிட ஆழமாகத் தைத்தது 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறங்கி விற்றது. மளிகைக் கடையிலும் படத்தகடு தொங்கியது. பழைய தமிழ்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் முதன்முறையாக வீட்டுக்கு வந்தன. அந்நிறுவனம் 2018இல் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டு முடிந்துபோனது. ஓடைவழிப் படமும் கைப்பேசியும் வந்தபின் தகட்டை விற்பாரும் இல்லை, இயக்கும் கருவியைச் செப்பனிடுவாரும் இல்லை. பழைய குத்துச்சண்டைக் காலத்தைக் காட்டிய ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் திரையரங்கையே காணாமல் நேராக இணையத்துக்கு வந்தது. அதை நாளை ஒருவர் ஆராய்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவர் வீட்டு அலமாரியில் ஒரு படியும் இராது. அது நல்லதா என்று கேட்டால், கச்ரா விஷயத்தில் நாம் பட்ட பாட்டுக்கு, ஒரே படி இருப்பது நிம்மதிதான் என்றுகூடச் சிலசமயம் தோன்றும். ஆனால் அந்த ஒரே படி அறுபட்டதாக இருந்துவிட்டால், துபாயிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவர அண்ணன் இருக்கமாட்டார்.

நம் மூன்று விசிடிகளும் இன்னும் இருக்கின்றன. கடை மூடியபோது கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிட்டார். இரண்டாம் தகட்டில் வெள்ளிப் பூச்சு ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கிவிட்டது. ஒளியில் பிடித்தால் ஊசித்துளைகள் தெரிகின்றன. முதலும் மூன்றும் ஓடுகின்றன.

தொகுப்பு நூலில் ஏறிய கட்டுரையைத் திரும்பப் பெறும் வழி நமக்குத் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வாய்மொழித் தேர்வுக்காக ஓர் ஆய்வேடு நம் மேசைக்கு வந்தது. மூன்றாம் இயலில், சேரியின் எல்லை திரையின் எல்லையாக இடம் மாறியதைப் பற்றிய நம் வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருந்தது. அடிக்குறிப்பில் படத்தின் பெயர், ஆண்டு, ‘குறுந்தகடு’ என்ற சொல். எந்தத் தகடு என்று அவர் எழுதவில்லை, நாமும் எழுதியிருக்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் குறித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் அவரை அழைத்து, மாணவி விரல் வைத்துக் காட்டிய அந்த இடத்தைக் கணிப்பொறியில் போட்டுக் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “அப்படியானால் என் மூன்றாம் இயல்?” என்றார்.